வைக்கல் புகைய எதால அளக்கறது: மாடி சென்சாரா, சாட்டிலைட்டா, கால்குலேட்டரா?

எங்க நீடாமங்கலம் பக்கம் தை மாசம் சம்பா அறுத்த கையோட சில வயல்ல கொளுத்துவாங்க, அதுல எவ்வளவு தூசு காத்துல கலக்குதுன்னு பாக்க மூணு வழியும் ட்ரை பண்ணிட்டேன்.

சென்சார் மொத அவுட். காத்துல இப்ப பிஎம் 2.5, அதாவது மூச்சோட உள்ள போற ரொம்ப நுண்ணிய தூசு, எவ்வளவுன்னு சொல்லும், யாரு வுட்ட புகைன்னு சொல்லாது, ரைஸ் மில்லு உமி பாய்லரும் வைக்கலும் அதுக்கு ஒண்ணுதான். இதுல தைப்பனி வேற, பனித்துளியையும் தூசுன்னு எண்ணிடுது, ஒருநாள் எந்த வயலும் எரியாமலே விடியக்காலைல நம்பர் எகிறி நின்னுச்சு, வெயில் ஏறவும் தானா எறங்கிடுச்சு.

சாட்டிலைட்டு ஓசி, நாசா மேப்புல செவப்புப் புள்ளி வக்கிது. அதுல தீயப் பாக்கற விஐஐஆர்எஸ்ங்கற கருவியோட கட்டம் பக்கத்துக்கு 375 மீட்டர், நம்ம கணக்குல கிட்டத்தட்ட 5 வேலி, அதாவது 35 ஏக்கர் வாக்குல. சின்ன தீயையும் புடிக்கும்தான், ஆனா அது மேல வர்ற நேரத்துல எரியணுமே! மதியம் ஒண்ணரை வாக்குல போயிடும், நம்மாளு சாயங்காலம் காத்து அடங்குனப்புறம் 3 மா (ஒரு ஏக்கர்) வயல வரப்போரமா பத்த வப்பாரு, நல்லா காஞ்சதுன்னா அரை மணில கருகிடும், ராத்திரி ஒண்ணரைக்கு அது திரும்பி வந்தா சாம்பல்தான் இருக்கும். பஞ்சாப் மாதிரி பெரிய பெரிய வயலா எரியிற ஊருக்கு சரி. குறுவை அறுப்புல மேகம் வேற மறைச்சுக்கும்.

கால்குலேட்டர் கத என்னன்னா, எரிஞ்ச கிலோவ கிலோவுக்கு இத்தன கிராம்ங்கற எண்ணால பெருக்கணும். டிராக்டர் டீசலுக்கு இது அல்வா, பங்க் பில்லு கையில இருக்கு. வைக்கலுக்கு? ஏக்கருக்கு 2 டன்னு வச்சுக்கங்க, ஐபிசிசிங்கற ஐ.நா. பருவநிலைக் குழு கணக்குப்படி 80 சதவீதம் எரியும், 1,600 கிலோ. ஒரு ஆய்வுல கிலோவுக்கு பிஎம் 2.5 சுமார் 4 கிராம், இன்னொண்ணுல 13, அப்ப ஏக்கருக்கு ஆறரை கிலோவா இருபது கிலோவா? எல்லாரும் இதுக்குத்தான் சண்ட போடுறாங்க, எனக்கென்னமோ பெரிய ஓட்டை எத்தன ஏக்கர் எரிஞ்சுதுங்கறதுலதான். நம்ம பக்கம் வைக்கல் மாட்டுக்குப் போவுது, பேலர் கட்டா சுருட்டி லாரில ஏத்திடுறாங்க, சாகுபடி பரப்பு மொத்தத்தையும் போட்டுப் பெருக்குனா எரியாததும் சேந்து எரிஞ்சிடும்.

பேலர் ஓட்டுற தம்பிய கேட்டேன். "அண்ணே, சேறா கெடந்தா மெஷின் எறங்காதுல்ல, அந்த வயலத்தான் கொளுத்துறாங்க"ன்னான். மேல காஞ்சு அடில ஈரமா கெடக்கறது தீயா எரியாது, பொகஞ்சுகிட்டே கெடக்கும், தூசு கூட வரும். அதனால எங்க ஊருக்கு அவன் வுட்டுட்டு வந்த வயல் மட்டும், எண்ணு 13ன்னு போட்டு வச்சிருக்கேன்.