கற்பித்தலுக்கு விருது: பரிந்துரைப் படிவத்தோடு மூன்று மாதங்கள்

கன்னியாகுமரி மாவட்டம் விளவங்கோடு வட்டத்தில் உள்ள ஓர் உதவிபெறும் கல்லூரியின் பழைய மாணவர் சங்கம், சிறந்த கற்பித்தலுக்கென ஆண்டுதோறும் ஒரு விருது வழங்கிவருகிறது. பழைய மாணவர்கள், தற்போது பயில்வோர், உடன் பணியாற்றும் பேராசிரியர்கள் ஆகிய மூவகையினரும் இதற்குப் பரிந்துரைக்கலாம். இளநிலை வகுப்பில் எனக்கு வேதியியல் கற்பித்த பேராசிரியையை இவ்வாண்டு நான் பரிந்துரைத்தேன். ஜூன் மாதம் படிவத்தைப் பெற்றது முதல் செப்டம்பர் தொடக்கத்தில் முடிவு தெரிந்தது வரை இந்த ஏற்பாடு எவ்வாறு நடந்தது என்பதை, தம் ஆசிரியரைப் பரிந்துரைக்க எண்ணும் பிறருக்குப் பயன்படும் என்று கருதி எழுதுகிறேன்.

மத்திய அரசின் தேசிய நல்லாசிரியர் விருதுக்கே அவரது பெயரை அனுப்ப வேண்டும் என்று முதலில் விரும்பினேன். பள்ளி ஆசிரியர்களுக்குரியதாகவே நாம் அறிந்திருந்த அவ்விருது, 2023ஆம் ஆண்டு முதல் கல்லூரி, பல்கலைக்கழக, பாலிடெக்னிக் ஆசிரியர்களுக்கும் வழங்கப்படுகிறது. அவ்வாண்டு விருது பெற்ற 75 பேரில் 13 பேர் உயர்கல்வித் துறையைச் சேர்ந்தவர்கள். செப்டம்பர் 5 அன்று குடியரசுத் தலைவர் சான்றிதழையும் 50,000 ரூபாயையும் வெள்ளிப் பதக்கத்தையும் வழங்குகிறார். ஆனால் 55 வயதைக் கடந்தவர்களை அதற்கு ஏற்பதில்லை. எங்கள் பேராசிரியைக்கு 57 வயது. தமிழக அரசின் டாக்டர் ராதாகிருஷ்ணன் விருதோ பள்ளி ஆசிரியர்களுக்கானது. வயது வரம்பு இல்லாத கல்லூரி விருது ஒன்றே எஞ்சியது. முப்பது ஆண்டுகள் வகுப்பறையில் நின்று கைவந்த திறமையை வயதைக் காட்டி விலக்காதது இந்த விருதின் முதற்சிறப்பு என்று நினைக்கிறேன்.

படிவம் இரண்டு பகுதிகளைக் கொண்டது. முதற்பகுதி கட்டுரைகளின் எண்ணிக்கை, கருத்தரங்கச் சான்றிதழ்கள், ஆய்வு வழிகாட்டுதல், எடுத்த வகுப்புகளின் விழுக்காடு ஆகியவற்றைக் கேட்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் வெளியிட்ட விதிமுறைகளில் பதவி உயர்வுக்கான மதிப்பீட்டு அட்டவணை ஒன்று உண்டு. தமக்கு ஒதுக்கப்பட்ட வகுப்புகளில் 80 விழுக்காடும் அதற்கு மேலும் எடுத்தவரின் கற்பித்தல் அதன்படி ‘நன்று’. 70 முதல் 80 விழுக்காட்டுக்குள் எடுத்தவருடையது ‘திருப்தி’. சங்கம் அந்த அளவுகோலை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஆசிரியர் வகுப்புக்கு வந்தாரா என்பதை அறிய அது போதும்; வந்தபின் அங்கே என்ன நடந்தது என்பதை அறிய அதனால் வழியில்லை. பதவி உயர்வுக்கு வகுத்த கணக்கை விருதுக்கும் பயன்படுத்துவது சரியன்று என்பதே என் உறுதியான கருத்து. இந்தப் பகுதிக்கான தாள்களை ஆசிரியரிடம் கேட்டுத்தான் வாங்க வேண்டியிருப்பதால், அவர் அறியாமல் பரிந்துரைக்கவும் முடியாது. எங்கள் பேராசிரியை மிகவும் கூச்சத்துடனேயே அவற்றைத் தந்தார்.

இரண்டாம் பகுதியில் ஒரே ஒரு கேள்விதான் உண்டு: ‘இவரிடம் கற்ற ஒரு பாடத்தை விவரித்து எழுதுக.’ இதற்காகவே இந்தச் சங்கத்தை மனமாரப் பாராட்டுகிறேன். நான் கூழ்மங்கள், அதாவது நுண்துகள்கள் கரையாமல் பரவி மிதக்கும் கலவைகள், பற்றிய பாடத்தை எழுதினேன். எங்கள் வகுப்பில் பாதிப்பேர் குலசேகரம், அருமனை, களியல் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். விடியுமுன் பெற்றோருடன் ரப்பர் பால் வெட்டிவிட்டுப் பேருந்து ஏறுபவர்களும் இருந்தார்கள். பேராசிரியை பாடநூலைத் திறக்காமல், “வீட்டில் ரப்பர் ஷீட் அடிப்பதற்கு முன் பாலில் ஆசிட் ஊற்றுகிறீர்களே, ஏன்?” என்று கேட்டார். பால் உறைவதற்கு என்று எல்லோரும் சொன்னோம். “உறையக் கூடாது என்றால் எதை ஊற்றுவார்கள்?” என்றார். தோட்டத்தில் வேலை செய்த ஒரு மாணவர் மட்டும் அமோனியா என்றார். ரப்பர் துகள்களைச் சுற்றியுள்ள புரதப் படலம் எதிர்மின்னூட்டம் கொண்டது என்பதையும், அதனால் அவை ஒன்றையொன்று விலக்கிப் பாலில் மிதக்கின்றன என்பதையும், ஃபார்மிக் அமிலம் அந்த மின்னூட்டத்தைச் சமன்செய்வதால் துகள்கள் ஒன்றுசேர்ந்து கட்டியாகின்றன என்பதையும், அமோனியாவின் காரத்தன்மை அது நேராமல் காக்கிறது என்பதையும் அந்த இரண்டு விடைகளிலிருந்தே அவர் எங்களைக் கண்டறிய வைத்தார். அதுவரை கடைசி பெஞ்சில் வாய்திறவாமல் இருந்த அந்த மாணவர், அதன்பின் வேதியியல் ஆய்வகத்தில் முதலில் வந்து நிற்பவரானார். இதை எழுத ஒரு பக்கமே தருகிறார்கள். எனக்கு இரண்டு பக்கம் தேவைப்பட்டது.

தேர்வுக் குழுவினர் மூவரில் ஒருவர் வெளிக் கல்லூரியைச் சேர்ந்தவர். அவர்கள் முன்னறிவிப்பின்றி ஒரு நாள் மூன்றாவது பாடவேளையில் வந்து, மாணவர்களுடன் பின்வரிசையில் அமர்ந்து வகுப்பு முழுவதையும் கேட்டதாக அங்கு பயிலும் என் உறவினர் மகள் சொன்னாள். தாள்களை மட்டும் வைத்து முடிவு செய்யாமல் இவ்வாறு நேரில் வந்து பார்ப்பதற்கு நேரமும் உழைப்பும் வேண்டும். அதை அவர்கள் செய்தார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும். படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. தமிழில் எழுதலாமா என்று தொலைபேசியில் கேட்டபோது, ‘எழுதலாம்’ என்றவர் ஒருவர். மறுநாள் ‘கூடாது’ என்றவர் வேறொருவர். பயிலும் மாணவர்களின் பெயர் மறைக்கப்படும் என்ற உறுதி எங்கும் எழுதப்படவில்லை. அகமதிப்பீட்டின் 25 மதிப்பெண்ணும் ஆசிரியர் கையில் இருக்கும்போது, ஒருவரைப் பரிந்துரைக்கும் மாணவர் மற்றவர்களின் மனவருத்தத்துக்கு அஞ்சுவது இயல்பே. எல்லாவற்றையும்விட என்னை வருத்தியது, நிரந்தரப் பணியில் உள்ளவர்களை மட்டுமே பரிந்துரைக்க முடியும் என்ற விதி. அதே கட்டடத்தில், சுயநிதிப் பிரிவில், குறைந்த ஊதியத்துக்கு அதே பாடத்திட்டத்தை நடத்துகிறவர்களை இவ்விதி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. வயதைப் பார்க்காத சங்கம் பணி நியமன ஆணையை ஏன் பார்க்க வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை.

எங்கள் பேராசிரியைக்கு விருது கிடைக்கவில்லை. ஆனால் குழு அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியிருக்கிறது; அன்று தாங்கள் கேட்ட வகுப்பில் எந்த இடம் தங்களைக் கவர்ந்தது என்று அதில் குறிப்பிட்டிருக்கிறார்கள். அதை அவர் எனக்கு வாசித்துக் காட்டினார். பரிந்துரைக்க விரும்புவோர் மே மாதமே ஆசிரியரிடம் பேசித் தாள்களைத் திரட்டிவிடுங்கள். இரண்டாம் பகுதியை முதலில் எழுதுங்கள். சுயநிதிப் பிரிவு ஆசிரியர்களையும் சேர்க்கக் கோரும் விண்ணப்பம் ஒன்றில் எங்கள் வகுப்புத் தோழர்களிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டிருக்கிறேன். சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் அதைக் கொடுக்கவிருக்கிறோம்.