1,850 டாலர் போனது: பழைய ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிள் வாங்கப் போகிறவர்கள் படித்துவிட்டுப் போங்கள்

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். ஆறிவிட்டால் மரியாதையாக எழுதத் தொடங்கிவிடுவேன். அந்த மரியாதைக்கு அந்தக் கடைக்காரர் தகுதியானவர் அல்லர். ஒரு பழைய ராணுவ ரைபிளுக்கு நான் கொடுத்த விலை 1,850 டாலர். இப்போது என்னிடம் இருப்பது, சுட்டால் சுடுகிறவரின் முகத்திலேயே வெடிக்கக்கூடிய ஓர் இரும்புக் குழாய்.

கடையின் பெயரை எழுதவில்லை. பெயரை எங்காவது போட்டால் வழக்கறிஞர் மூலம் பேசுவோம் என்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பென்சில்வேனியாவில் ஒரு சிற்றூர். கண்ணாடிப் பெட்டிகளில் துருவேறிய பயனெட், தகரத் தண்ணீர்க் குடுவை, படைப்பிரிவுச் சின்னங்கள். சுவர் முழுக்கப் பழைய ரைபிள்கள். இந்தப் பக்கத்துச் சேகரிப்பாளர்களுக்கு இவ்வளவே போதும்.

ஊரில் இருக்கும் உறவினர்கள் இதைப் படித்தால் ‘துப்பாக்கி எதற்கு உனக்கு?’ என்று கேட்பார்கள். ஒஹையோவில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். இங்கே ஈரி ஏரிக்கரையில் கேம்ப் பெரி என்ற மைதானம் இருக்கிறது. 1907 முதல் தேசியத் துப்பாக்கி சுடும் போட்டிகள் நடக்கும் இடம். இரண்டு உலகப் போர்களின் ரைபிள்களை மட்டும் வைத்து, 200 கஜம் தள்ளி நிற்கும் காகித இலக்கைச் சுடும் போட்டியும் அங்கே உண்டு. எங்கள் கிளப்பிலும் அதே விதிகளில் சுடுகிறோம். அதற்காகத்தான் வாங்கினேன். சுடுவதற்காகத்தான் வாங்குகிறேன் என்பதைக் கடைக்காரரிடம் முதல் வாக்கியத்திலேயே சொன்னேன். இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் தேடியது 1903ஏ3. அமெரிக்க ராணுவத்தின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டு ரைபிளின் இரண்டாம் உலகப் போர்க்கால வடிவம். எம்1 கேரண்ட் என்ற புதுத் தலைமுறை ரைபிள்கள் போதாமல் இருந்த 1942-இல், பழைய வடிவமைப்பையே எளிமையாக்கி விரைவாகச் செய்தார்கள். கடைந்தெடுத்த பாகங்களுக்குப் பதில் தகட்டை அழுத்தி விசைக்காப்பும் வளையங்களும் செய்தார்கள். குறிபார்க்கக் குழலின் மேல் இருந்த பின்குறியை எடுத்துவிட்டு, கண்ணுக்கு அருகில் துளைக்குறியை வைத்தார்கள். வயதான கண்ணுக்கு அந்தத் துளைக்குறி ஒரு வரம். ரெமிங்டன் ஏழு இலட்சத்துக்கும் மேல் செய்தது. தட்டச்சுப் பொறி செய்துகொண்டிருந்த ஸ்மித்-கொரோனா சுமார் 2 இலட்சத்து 34 ஆயிரம் செய்தது. எண்ணிக்கை குறைவு என்பதால் ஸ்மித்-கொரோனாவுக்குச் சேகரிப்பாளர்களிடம் கூடுதல் விலை. தட்டச்சுப் பொறிக் கம்பெனியின் பெயர் பொறித்த துப்பாக்கி என்ற வேடிக்கையும் சேர்ந்துகொள்ளும். எனக்கும் அந்த வேடிக்கைதான் பிடித்திருந்தது.

இந்த வகையில் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. போருக்குப் பிறகு ஏராளமான 1903ஏ3-களைப் பள்ளி, கல்லூரி அணிவகுப்புப் பயிற்சிக்கு என்று சுட முடியாதபடி மாற்றினார்கள். குழலை ரிசீவரோடு, அதாவது குழலின் பின்முனை பொருந்தும் உலோக உடலோடு, சேர்த்து வெல்டிங் செய்தார்கள், குழலுக்குள் இரும்புக் கம்பியை வைத்து அடைத்தார்கள், பெட்டியிலிருந்து தோட்டா ஏறுவதை நிறுத்த இடப்பக்கம் இருக்கும் கட்-ஆஃப் நெம்புகோலின் மேல் ஒரு வெல்டிங் பொட்டு வைத்தார்கள், தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பிடிக்கும் போல்ட்டின் முகத்தில் சுடும் ஊசி வரும் துளையையும் மூடினார்கள். இவற்றை ட்ரில் ரைபிள் என்பார்கள். அணிவகுப்பில் தோளில் தூக்கி நடக்க, விழாவில் சுழற்ற. அதற்கு மட்டும்.

வெல்டிங்கைச் சாணை பிடித்து எடுத்துவிட்டுப் புதுக் குழல் மாட்டினால் பார்வைக்குச் சுடும் ரைபிளாகிவிடும். ஆனால் வெல்டிங் சூடு ரிசீவரின் பதத்தைக் கெடுத்துவிட்டது; அந்த உறுதி திரும்ப வராது. ஸ்பிரிங்ஃபீல்டு வரலாறு தெரிந்தவர்களுக்குச் சூடு என்றாலே வயிற்றைக் கலக்கும். 1918-க்கு முன் செய்தவற்றில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆலையின் 8,00,000-க்குக் கீழான எண்களையும், ராக் ஐலண்ட் ஆலையின் 2,85,507-க்குக் கீழான எண்களையும் சுடவே கூடாது என்று பலர் சொல்வது இதனால்தான். அப்போது உலையில் இரும்பு பழுக்கும் நிறத்தைத் தொழிலாளி கண்ணால் பார்த்தே முடிவு செய்தார். நல்ல வெயில் நாளில் இரும்பு மங்கலாகத் தெரிய, தேவைக்கு மேல் சூடாக்கிவிட்டார்கள். அவை கண்ணாடி போல் நொறுங்கும். ட்ரில் ரைபிளில் தலைகீழ்: உலோகம் மிருதுவாகிவிடும். தோட்டா வெடிக்கும்போது சதுர அங்குலத்துக்கு 50,000 பவுண்டுக்கு மேல் அழுத்தம் எழுகிறது. அதை உங்கள் கன்னத்திலிருந்து சில அங்குலத் தொலைவில் தாங்கிப் பிடிப்பது அந்த ரிசீவர்தான்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்ததால்தான் கடைக்காரரிடம் நேராகக் கேட்டேன்: ‘இது எப்போதாவது ட்ரில் ரைபிளாக இருந்ததா?’

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். நல்ல கேள்வி, இதைக் கேட்காமல் வாங்குகிறவர்களைப் பார்த்தால்தான் எனக்குப் பயம் என்றார். எழுந்து போய் மூலையில் கிடந்த வேறொரு ரைபிளை எடுத்து வந்து மேசையில் வைத்தார். கட்-ஆஃபில் இருந்த வெல்டிங் பொட்டை என் விரலைப் பிடித்துத் தடவிப் பார்க்கச் செய்தார். போல்ட்டை உருவி, அடைத்த துளையைக் காட்டினார். குழலுக்குள் டார்ச் அடித்துக் கம்பியைக் காட்டினார். ‘இதுதான் ட்ரில் ரைபிள். இதைச் சுட வைப்பவன் கொலைகாரன்’ என்றார். சொற்கள் அப்படியே நினைவிருக்கின்றன. பிறகு நான் கேட்ட ரைபிளைப் பக்கத்தில் வைத்தார். கட்-ஆஃப் சுத்தம், துளை திறந்திருக்கிறது, குழல் பளபளப்பு. குழல் முனையில் எஸ்.சி. என்ற எழுத்தும், தீக்குண்டு முத்திரையும், 6-43 என்ற தேதியும். ரைபிளின் மரக் கட்டையின் கைப்பிடியில், ஆலையில் சுட்டுச் சோதித்ததற்கான முத்திரை: வட்டத்துக்குள் பி.

கட்டையைக் கழற்றிக் காட்டச் சொன்னேன். அங்கேதான் முகம் கொஞ்சம் மாறியது; குரல் மாறவில்லை. ‘எண்பது ஆண்டாகத் திருப்பாத திருகாணி. காடியில் ஒரு கீறல் விழுந்தால் நீங்கள் வாங்காவிட்டாலும் எனக்கு இருநூறு டாலர் நட்டம். வேண்டுமானால் எழுதித் தருகிறேன்’ என்றார். எழுதியும் தந்தார்: அசல் ஸ்மித்-கொரோனா, சுடத்தக்க நிலை. கீழே கையெழுத்து. காப்பி கொடுத்தார். கொரியப் போருக்குப் போன தன் தந்தையின் புகைப்படத்தைக் காட்டினார். கடன் அட்டையில் கொடுத்தால் மூன்று விழுக்காடு கூடும், அஞ்சலக மணி ஆர்டர் என்றால் 1,850-க்கே தருகிறேன் என்றார். துப்பாக்கி வாங்குகிறவர் நிரப்ப வேண்டிய கூட்டாட்சி அரசின் 4473 படிவத்தை நிரப்பினேன், பின்னணிச் சோதனை முடிந்தது, ரைபிள் என் வண்டிக்கு வந்தது. திருடன் பூட்டைப் பற்றிப் பாடம் எடுத்தது போல, ட்ரில் ரைபிளை எப்படிக் கண்டுபிடிப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தே ஒரு ட்ரில் ரைபிளை விற்றுவிட்டார். தடயம் எங்கெங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அங்கெல்லாம் துடைத்து வைத்திருந்தார்.

எங்கள் கிளப்பில் ஒரு விதி. பழைய ரைபிள் எதுவானாலும், துப்பாக்கிப் பழுதுபார்க்கும் பெரியவர் ஒருவர் பார்த்துச் சொன்ன பிறகே சுடுதளத்துக்குக் கொண்டுவர வேண்டும். அந்த விதியால்தான் இரண்டு கண்ணோடு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பெரியவர் கட்டையைக் கழற்றினார். ‘எண்பது ஆண்டாகத் திருப்பாத’ திருகாணி வெண்ணெயாகத் திரும்பியது. குழலும் ரிசீவரும் சேரும் இடத்தின் அடியில், கட்டைக்குள் மறைந்திருக்கும் பகுதியில், சாணை பிடித்த தடம். அதன் மேல் துருவைத் தடுக்கும் சாம்பல் நிறப் பார்க்கரைசிங் பூச்சைப் புதிதாக ஏற்றியிருக்கிறார்கள். பூச்சுக்கு அடியில் சாணைக் கோடுகள் விரல் நகத்தில் தட்டுப்படுகின்றன. கட்-ஆஃப் புதிது, போல்ட் வேறு. குழல் 1943-இல் செய்ததே அல்ல. குழலை மேலே மூடும் மேல்மரத்தைத் தூக்கியதும் இக்காலத் தயாரிப்பாளரின் முத்திரையை அராவிய பள்ளம் தெரிந்தது. முனையில் இருந்த ‘6-43’ பிறகு குத்தியது. பிறகு, தோட்டா உட்காரும் இடைவெளியைச் சோதிக்கும் அளவுகோலை வைத்தார். எந்த அளவில் போல்ட் மூடக்கூடாதோ அந்த அளவில் தானாக மூடிக்கொண்டது. போல்ட்டைப் பூட்டும் காதுகள் ரிசீவரில் உட்காரும் இடத்தில் உலோகம் அமுங்கிக் குழி விழுந்திருக்கிறது என்று காட்டினார். யாரோ ஏற்கெனவே சுட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வெடிக்கும் ரிசீவர் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கொடுத்திருக்கிறது.

பெரியவர் அதிகம் பேசாதவர். ‘போல்ட்டை உன்னிடம் தரமாட்டேன்’ என்றார். அவ்வளவுதான்.

இனி கடையின் பதில்கள். முதலில் தொலைபேசியில் ஒரு பெண்: முதலாளி துப்பாக்கிச் சந்தைக்குப் போயிருக்கிறார், வந்ததும் கூப்பிடுவார். கூப்பிடவில்லை. மறுபடி அழைத்தால் வேறு சந்தை. ‘நேரில் கொண்டுவாருங்கள், பார்க்கிறோம்’ என்றார்கள், போனேன். முதலாளி இல்லை. கடைப் பையன் கட்டைக்கு அடியில் பார்த்துவிட்டு, இதைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்றான். பாவம், அவன் முகமே கருத்தைச் சொல்லிவிட்டது.

பிறகு ஒரு மின்னஞ்சல். ரசீதின் பின்பக்கம் இருக்கும் பொடி எழுத்தைப் படம் பிடித்து அனுப்பியிருந்தார்கள்: பழைய ஆயுதங்கள் இருக்கும் நிலையிலேயே விற்கப்படுகின்றன, மூன்று நாள்களுக்குள் மட்டுமே திருப்பலாம், சுடும் முன் தகுதியானவரிடம் சோதிக்க வேண்டும். முன்பக்கத்தில் அவரே கைப்பட எழுதிய ‘சுடத்தக்க நிலை’ பற்றி ஒரு சொல் இல்லை. நான் அதைப் படம் பிடித்து அனுப்பினேன். பதில் இல்லை.

கடைசியில் முதலாளியே எடுத்தார். காப்பி கொடுத்த அதே குரல். ‘கட்டையைக் கழற்றிவிட்டீர்களே, இனி எப்படித் திரும்ப வாங்குவது?’ உங்கள் ஆளே வெல்டிங் செய்திருக்கலாமே என்றார். பிறகு, சேகரிப்புப் பொருளைச் சுவரில் மாட்ட வேண்டும், யார் உங்களைச் சுடச் சொன்னது என்றார். சுடத்தான் வாங்குகிறேன் என்று முதல் வாக்கியத்தில் சொன்னவனிடம்! கடைசியாக, நல்லெண்ணத்தின் பேரில் 400 டாலருக்குக் கடையில் வேறு பொருள் எடுத்துக்கொள்ளலாம் என்றார். 1,850 டாலர் வாங்கியவர், 400 டாலருக்குத் துருப்பிடித்த பயனெட் தருகிறாராம்.

மாநில நுகர்வோர் புகார் அலுவலகத்துக்கு எழுதினேன். அவர்கள் கடைக்கு அனுப்பினார்கள். கடை அதே பொடி எழுத்துப் படத்தை அவர்களுக்கு அனுப்பியது. அவர்கள் அதை எனக்கு அனுப்பிவிட்டுக் கோப்பை மூடினார்கள். மணி ஆர்டரைக் கடை காசாக்கிவிட்டது. அட்டைக் கம்பெனி என்றால் சண்டை போட ஓர் இடமாவது இருந்திருக்கும். பென்சில்வேனியாவில் 12,000 டாலர் வரையிலான வழக்கை மாவட்டக் கீழ்நிலை நீதிமன்றத்தில் வழக்கறிஞர் இல்லாமலேயே போடலாம். போடுகிறேன். 1,850 டாலரும் வந்தாக வேண்டும்.

இதை இன்றே எழுதக் காரணம், கிளீவ்லாந்தில் இருக்கும் தம்பி ஒருவர் காலையில் அழைத்து, ‘அண்ணா, அந்தக் கடையில் ஒரு ஸ்மித்-கொரோனா பார்த்தேன், 1,950 சொல்கிறார்கள், முன்பணம் கட்டலாமா?’ என்று கேட்டதுதான். படத்தை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். அதே பளபளப்புக் குழல், அதே 6-43.

எப்படிச் சோதிப்பது என்று விரிவாக எழுத நினைத்தேன். இப்போது அதற்குப் பொறுமை இல்லை. முக்கியமானதை மட்டும் சொல்லிவிடுகிறேன். கட்டையைக் கழற்ற விடாத கடையில் 1903ஏ3 வாங்காதீர்கள், விலை எவ்வளவு குறைந்தாலும் சரி. கழற்றியதும் ரிசீவர் வளையத்தின் அடியையும் கட்-ஆஃபைச் சுற்றிய இடத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். பூச்சு ஒரே சீராக இருக்க வேண்டும். போர்க்காலக் குழல் என்று சொன்னால் மேல்மரத்தையும் தூக்கிப் பாருங்கள். பணம் அட்டையில் கொடுங்கள், அந்த மூன்று விழுக்காடு போகட்டும். ரசீதின் பின்பக்கத்தைக் கையெழுத்துப் போடும் முன் படியுங்கள். ஏற்கெனவே இப்படி ஒன்றை வாங்கி வைத்திருப்பவர்கள் இந்த வார இறுதியில் சுடுதளத்துக்குப் போகாதீர்கள். முதலில் அளவுகோல் வைத்திருக்கும் ஒருவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.