பழைய டர்போ பைக் வாங்குவோருக்கு: ஹோண்டாவா, யமஹாவா, சுசுகியா, கவாசாகியா?

1982 முதல் 1985 வரையிலான நான்கே ஆண்டுகளில் ஜப்பானின் நான்கு பெரிய நிறுவனங்களும் டர்போ (எக்ஸாஸ்ட் புகையின் வேகத்தால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) பொருத்திய பைக்குகளைத் தொழிற்சாலையிலிருந்தே விற்பனைக்கு அனுப்பின. பிறகு நான்குமே அந்த வழியைக் கைவிட்டன. 1978-இல் அமெரிக்காவில் விற்கப்பட்ட கவாசாகி இசட்1ஆர்-டிசியும் டர்போ வண்டிதான் என்றாலும், முழுமையாகத் தயாரான பைக் ஒன்றில் வெளியிலிருந்து டர்போவைச் சேர்த்து, உத்தரவாதம் எதுவும் இல்லாமல் கொடுத்த வண்டி அது. இந்த ஒப்பீட்டில் அதற்கு இடமில்லை. வட அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இன்றும் விற்பனைக்கு வரும் ஹோண்டா சிஎக்ஸ்500 டர்போ, சிஎக்ஸ்650 டர்போ, யமஹா எக்ஸ்ஜே650 டர்போ, சுசுகி எக்ஸ்என்85, கவாசாகி ஜிபிஇசட்750 டர்போ ஆகிய ஐந்தில் எதை வாங்கினால் நம் கையாலேயே சரிசெய்து ஓட்ட முடியும் என்பதுதான் கேள்வி.

வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் முதலில் அஞ்சுவது டர்போவைத்தான். என் கணிப்பில் அந்த வண்டியிலேயே கவலை குறைந்த பாகம் அதுதான். கார்களுக்கும் லாரிகளுக்கும் டர்போ புதுப்பித்துக் கொடுக்கும் பட்டறைகள் பெரிய ஊர்கள் பலவற்றில் இருக்கின்றன. பேரிங்கையும் சீலையும் மாற்றி, உள்ளே சுற்றும் சக்கரத் தண்டான சுழலியைச் சமன்செய்து தருவது அவர்களுக்கு அன்றாட வேலை. ஆனால் உடைந்த ஃபேரிங் (வண்டியைச் சுற்றியுள்ள உடற்கவசம்) துண்டையோ, துருப்பிடித்து ஓட்டை விழுந்த எக்ஸாஸ்ட் குழாயையோ, இறந்துபோன கட்டுப்பாட்டுப் பெட்டியையோ எந்தக் கடையிலும் வாங்க முடியாது. ஆகவே டர்போ கெட்டு மற்றதெல்லாம் முழுமையாக இருக்கும் வண்டி, டர்போ நன்றாக இருந்து நான்கு பாகங்கள் காணாமற்போன வண்டியைவிட எவ்வளவோ மேல்.

டர்போவைச் சோதிப்பதும் அவ்வளவு கடினமன்று. எஞ்சின் ஆறியிருக்கும்போது காற்று உள்ளே செல்லும் ரப்பர் குழாயைக் கழற்றிவிட்டு, சின்னஞ்சிறு விசிறிபோலத் தெரியும் சக்கரத்தை விரல் நுனியால் சுற்றிப் பார்க்க வேண்டும். தடையின்றிச் சுற்றி, மெல்ல நிற்க வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய ஆட்டம் இருப்பது இயல்பே, ஏனெனில் தண்டு ஆயில் படலத்தின் மேல் மிதந்து சுற்றும் வகையில் அமைக்கப்பட்டது. ஆனால் விசிறியின் விளிம்பு உறையின் சுவரை உரசினாலோ, தண்டு முன்னும் பின்னும் உணரும்படி நகர்ந்தாலோ பேரிங் தேய்ந்துவிட்டது என்று பொருள். வேகமாக ஓட்டிவந்து உடனே எஞ்சினை நிறுத்தும் பழக்கமே இதற்குப் பெரும்பாலும் காரணம்: நிமிடத்துக்கு லட்சத்துக்கும் மேற்பட்ட சுற்றுகளில் ஓடும் தண்டைச் சூழ்ந்த ஆயில், ஓட்டம் நின்றதும் அந்தச் சூட்டிலேயே கருகிக் கரியாகப் படிகிறது. இன்னொன்று: கம்ப்ரஷன் மானி காட்டும் எண் மற்ற பைக்குகளைவிடக் குறைவாக வந்தால் பதற வேண்டாம், கவாசாகியில் அமுக்க விகிதம் (சிலிண்டருக்குள் காற்று எத்தனை மடங்கு அமுக்கப்படுகிறது என்பது) 7.8:1, ஹோண்டா 500-இல் 7.2:1 தான். எண் எவ்வளவு என்பதைவிட எல்லாச் சிலிண்டர்களிலும் அது ஒன்றுபோல் வருகிறதா என்பதே முக்கியம்.

ஐந்தில் முதலில் வந்தது ஹோண்டா 500. சாதாரண சிஎக்ஸ்500-இல் ஏறத்தாழ 50 குதிரைத்திறன் தந்த 497 சிசி வி-ட்வின் (வி வடிவில் இரண்டு சிலிண்டர்கள்) எஞ்சினிலிருந்து 82 குதிரைத்திறனை வரவழைக்க ஹோண்டா கொடுத்த காற்றழுத்தம், வளிமண்டல அழுத்தத்தைப்போல் ஒரு மடங்குக்கும் மேற்பட்ட கூடுதல். இரண்டே சிலிண்டர்கள் விட்டுவிட்டு உறிஞ்சும் எஞ்சின் டர்போவுக்கு ஏற்றதன்று என்று தெரிந்தும், தன்னால் முடியும் என்று காட்டவே ஹோண்டா அதைத் தேர்ந்தெடுத்ததுபோல் தோன்றும். கணினி வழிப் பெட்ரோல் பீய்ச்சல், தண்ணீர்க் குளிர்ச்சி, செயின் இல்லாத ஷாஃப்ட் ஓட்டம் என்று அக்காலத்துக்கு மீறிய வேலைப்பாடு அதில் உண்டு. மறுவருடம் வந்த 650 அதையே செம்மைப்படுத்தியது: 674 சிசி, 100 குதிரைத்திறன், காற்றழுத்தம் சற்றுக் குறைவு, அமுக்க விகிதம் சற்றுக் கூடுதல், டர்போ விழித்துக்கொள்ளும்வரை 500 தூங்குவதுபோல் இது தூங்குவதில்லை. 1983 ஏப்ரலில் அமெரிக்கா 700 சிசிக்கு மேற்பட்ட இறக்குமதி பைக்குகளுக்கான தீர்வையை 4.4 விழுக்காட்டிலிருந்து 49.4 விழுக்காடாக ஏற்றியபோது இந்த வண்டி அந்தக் கோட்டுக்குக் கீழே நின்றது. இருந்தும் 1,800-க்கும் குறைவான வண்டிகளே வெளிவந்தன. இன்று விலை ஏறியிருப்பதற்கு அதுவே காரணம்.

இவ்விரண்டின் தீராத நோய் ஸ்டேட்டர். பேட்டரிக்கு மின்சாரம் தரும் இந்தச் சுருள் எஞ்சினின் பின்மூடிக்குள், கொதிக்கும் ஆயிலில் நனைந்தபடி இருக்கிறது. காப்புப்பூச்சு கருகினால் மின்னேற்றம் நிற்கும், அதை மாற்ற எஞ்சினையே சட்டத்திலிருந்து இறக்க வேண்டும். ஃபேரிங், ரேடியேட்டர், எக்ஸாஸ்ட், டர்போ என்று எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் அந்த மூடியையே காணலாம். எனவே பணம் கொடுப்பதற்கு முன் மல்டிமீட்டரால் ஸ்டேட்டரிலிருந்து வரும் மூன்று கம்பிகளையும் இரண்டிரண்டாக அளந்து, மூன்று அளவும் ஒத்திருக்கின்றனவா, எந்தக் கம்பியாவது எஞ்சின் உடலோடு தொடர்பு காட்டுகிறதா என்று பார்த்துவிட வேண்டும். ஐந்து நிமிட வேலை, மாதக்கணக்கான உழைப்பை மிச்சப்படுத்தும். மாறாக, “கம்ப்யூட்டர் போய்விட்டது” என்று விற்பவர் சொன்னால் அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை; நாற்பது ஆண்டுப் பச்சைக் களிம்பு படிந்த இணைப்பிகளையும் எர்த் முனைகளையும் துடைத்து மாட்டினாலே உயிர்பெறும் வண்டிகள் உண்டு.

யமஹாவின் 653 சிசி வண்டி இவற்றுள் எளிமையானது; ரசிகர்களிடம் மதிப்புக் குறைந்ததும் அதுதான். நான்கு நிறுவனங்களின் டர்போ வண்டிகளில் அது மட்டுமே கார்புரேட்டரோடு வந்தது. டர்போ அழுத்திய காற்று நான்கு மிகூனி கார்புரேட்டர்களுக்குள் தள்ளப்படுகிறது. எனவே இங்கே கணினியோ இன்ஜெக்டரோ தொல்லை தராது, ஆனால் த்ராட்டில் தண்டின் சீல்களும் ஓ-ரிங்குகளும் கசிந்தால் காற்றழுத்தம் வெளியேறிப் பிக்கப் செத்துவிடும். பழைய கார்புரேட்டர்களைக் கழுவிப் பழகிய எந்த மெக்கானிக்கும் இதைச் செய்வார். டர்போ எஞ்சினுக்குப் பின்னால் கியர்பாக்ஸுக்குக் கீழே இருப்பதால் புகை நீண்ட வழி கடந்துதான் அதைச் சேர்கிறது. முறுக்கியதும் பாயும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவார். ஏறத்தாழ 90 குதிரைத்திறனும் ஷாஃப்ட் ஓட்டமும் நெடுந்தூரப் பயணத்துக்குப் பொருந்தும். முதன்முறையாக டர்போ வண்டியைச் சீர்செய்யத் துணிபவருக்கு நான் கைகாட்டுவது இதைத்தான்.

சுசுகியைப் பற்றி நீட்டிச் சொல்ல அதிகமில்லை. 673 சிசி, 85 குதிரைத்திறன் என்பதால் எக்ஸ்என்85. 16 அங்குல முன்சக்கரத்தால் வளைவுகளில் ஐந்திலும் இதுவே சுறுசுறுப்பு. 1,200-க்கும் குறைவாகவே தயாரானதால் டர்போ சார்ந்த பாகம் ஒன்று உடைந்தால், அதே பாகத்துக்காக இன்னொரு வண்டியை வாங்கிப் பிரிக்க நேரிடும். முழுமையான வண்டி கிடைத்தாலன்றித் தொட வேண்டாம்.

கடைசியாக 1984-இல் வந்த கவாசாகி, மற்றவர்களின் தவறுகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. டர்போவை எக்ஸாஸ்ட் துவாரங்களுக்கு மிக அருகில், எஞ்சினுக்கு முன்னால் தாழ்வாக வைத்ததால் புகையின் சூடும் வேகமும் குறையாமல் சுழலியை அடைகின்றன. 738 சிசி எஞ்சின் 112 குதிரைத்திறன் தருகிறது, கைப்பிடியை முறுக்குவதற்கும் வண்டி பாய்வதற்கும் இடையிலான காத்திருப்பு மற்றவற்றைவிடக் குறைவு. அதே ஆண்டில் கவாசாகியே விற்கத் தொடங்கிய ஜிபிஇசட்900ஆர், டர்போ ஏதுமின்றி 115 குதிரைத்திறன் கொடுத்தது என்பது வேறு கதை. டர்போ பைக்குகளின் கதை முடிந்ததும் ஏறக்குறைய அங்கேதான்.

ஆனால் சிறப்பைத் தந்த அதே இடம்தான் பழுதையும் தருகிறது. முன்சக்கரம் வாரியிறைக்கும் தண்ணீரும் ஐரோப்பியக் குளிர்காலச் சாலைகளின் உப்பும் நேரே அந்தக் குழாய்களில் விழுகின்றன. டர்போவுக்குச் செல்லும் குழாய்த் தொகுதியைக் கழற்றும்போது ஸ்டட்கள் (ஹெட்டில் திருகி நிற்கும் மரையாணிகள்) சிலிண்டர் ஹெட்டின் மட்டத்திலேயே முறிவது வழக்கமான விபத்து; பல நாள் முன்கூட்டியே துருநீக்கி எண்ணெயை ஊறவிட்டு, நட்டைச் சூடேற்றி, கால் சுற்று முன்னும் கால் சுற்று பின்னுமாக அசைத்துத்தான் எடுக்க வேண்டும். முறிந்தால் துளையிட்டுப் புது மரை போட நல்ல லேத் பட்டறையைத் தேட வேண்டியதுதான். தாழ்வாக இருக்கும் டர்போவிலிருந்து ஆயிலை மேலேற்றத் தனிப் பம்ப் ஒன்றும் உண்டு. ஸ்டார்ட் செய்ததும் நீலப்புகை கக்கினால் டர்போவைக் குறைகூறுமுன் இந்த ஆயில் வழியைத் திறந்து பார்க்க வேண்டும். இத்தனை வேலையையும் தெரிந்துகொண்டே, ஒரே ஒரு வண்டிதான் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் கவாசாகியைத்தான் எடுப்பேன். ஃபேரிங்கும் குழாய்த்தொகுதியும் முழுமையாக இருக்க வேண்டும் என்பது மட்டுமே என் நிபந்தனை.

எந்த வண்டியை எடுத்தாலும், புதுப்பித்த டர்போவை மாட்டிய அன்று அவசரம் கூடாது: ஆயில் எட்டும் முன் டர்போ வேகமாகச் சுற்றக் கூடாது. பெட்ரோலைத் துண்டித்து, பிளக்குகளைக் கழற்றி அவற்றின் உடலை எஞ்சினோடு எர்த் செய்துவிட்டு, டர்போவுக்குச் செல்லும் ஆயில் குழாயின் நுனியை ஒரு கிண்ணத்துக்குள் விட்டு, செல்ஃப் மோட்டாரால் விட்டுவிட்டு எஞ்சினைச் சுற்ற வேண்டும். கிண்ணத்தில் ஆயில் சொட்டத் தொடங்கியதும் டர்போவின் துளைக்குள் கொஞ்சம் ஆயிலைக் கையால் ஊற்றிக் குழாயை மாட்டலாம். அதன் பிறகே பிளக்குகள்.