டீப்கூல் ஏகே400: சத்துவாச்சாரி மே மாதத்தைத் தாங்கிய கூலர்

ஆற்காட்டிலிருந்து ஒரு பெண்ணின் அப்பா என் அறைக்கு வந்து பென்டிரைவை மேஜையில் வைத்தார். "நீங்களே போட்டுப் பாருங்கள் தம்பி" என்றார். கெட்டிமேளம் முழங்குகிறது, அட்சதை பறக்கிறது, மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுக்கிறார். அந்த நொடியில் அவர் முகத்தின் மேல் பச்சைக் கட்டங்கள். அரை விநாடிதான். ஆனால் அந்த அரை விநாடிக்காகத்தானே என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்?

கேமராவில் பதிந்த மூலக் கோப்பு சுத்தமாக இருந்தது. தப்பு என் கணினியுடையது. அதில் இருப்பது ஏஎம்டியின் ரைசன் 5 3600 பிராசஸர். விடுமுறைக்கு வந்த தம்பி மகன் அதை 4.3 கிகாஹெர்ட்ஸில் ஓடும்படி மாற்றிவைத்து, "பெரியப்பா, இனிமேல் பறக்கும் பாருங்கள்" என்று சொல்லிவிட்டுக் காட்பாடியில் ரயிலேறிவிட்டான். பறந்தது உண்மைதான். பிழை வந்து கணினி நின்றால் காட்டும் நீலத் திரை ஒருமுறைகூட வரவில்லை. வந்திருந்தால் பிழைத்திருப்பேன். எங்கோ ஒரு கணக்கு தவறி, அது யார் கண்ணிலும் படாமல் வேலை முடிந்துவிடுவதைவிட, கணினி நின்றுபோவது எவ்வளவோ மேல்.

அதற்குப் பிறகுதான் பிராசஸரின் சூட்டை இறக்கும் கூலர் வாங்கினேன். டீப்கூல் ஏகே400, 2,400 ரூபாய். நான்கு வெப்பக் குழாய்கள், ஒரே ஒரு 120 மில்லிமீட்டர் விசிறி, விளக்கு அலங்காரம் எதுவும் இல்லாத மாதிரி. கல்யாண மண்டபத்திலேயே போதுமான அளவு சீரியல் விளக்கு பார்த்துவிடுகிறேன்.

பொருத்துவதில் ஒரு கண்டம் உண்டு. அது இந்தக் கூலரின் குற்றமன்று. என்னுடையது போன்ற ஏஎம்4 சாக்கெட் வகைப் பிராசஸர்களில் 1331 ஊசிகளும் பிராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. பழைய கூலரின் பசை இறுகியிருக்கும்போது நேராக மேலே இழுத்தால், பிராசஸரும் சாக்கெட்டை விட்டுக் கூடவே வந்துவிடும். ஊசி வளைந்தால் தையல் ஊசி கொண்டு நிமிர்த்தும் வித்தை தெரிந்திருக்க வேண்டும். நான் பத்து நிமிடம் ஒரு வீடியோவை ஏற்றுமதி செய்யவிட்டுச் சூடாக்கினேன். பிறகு மின்சாரத்தைத் துண்டித்து, திருகுகளைக் கழற்றி, ஜாடி மூடியைத் திறப்பதுபோல் இடமும் வலமுமாகத் திருகித் திருகி எடுத்தேன். திருகுகளைக் கழற்றியதும் மதர்போர்டின் பின்பக்கத் தகடு கீழே விழுந்துவிடும்; ஒரு கையால் பிடித்துக்கொள்ளுங்கள். என் மனைவி பிடித்துக்கொண்டாள், "இதற்குத்தான் என்னைக் கட்டிக்கொண்டீர்களா" என்ற கேள்வியோடு.

உயரம் 155 மில்லிமீட்டர். வாங்குமுன் கேபினட்டை அளந்து பாருங்கள். நான் அளக்கவில்லை. பக்கக் கதவு மூட மறுத்தது. இரண்டு வாரம் திறந்தே ஓட்டினேன்; பல்லி ஒன்று உள்ளே குடியேறப் பார்த்த அன்று, பழைய அகலமான கேபினட் ஒன்றை 800 ரூபாய்க்கு வாங்கி மாற்றினேன்.

இனி வெயில். எங்கள் வேலூரை வெயிலூர் என்று கேலி செய்வார்கள். மே மாதம் என் அறைக்கு வந்தால் கேலி நின்றுவிடும். மொட்டை மாடிக்கு நேர் கீழே அறை, ஏசி கிடையாது. ஜனவரி இரவில் 25 டிகிரி. அக்னி நட்சத்திரத்தில் பிற்பகல் இரண்டு மணிக்கு 39. கூலர் சோதனைகள் பெரும்பாலும் குளிரூட்டிய அறையில் நடப்பவை. எந்தக் காற்றுக் கூலரும் அறையின் வெப்பத்துக்குக் கீழே இறக்காது. அதற்கு மேல் எத்தனை டிகிரியில் நிறுத்துகிறது என்பதுதான் அதன் திறமை. அதனால் ஒரே அமைப்பில் ஒரே வேலையைக் கொடுத்து இரண்டு பருவத்திலும் அளந்தேன். ஜனவரியில் 70 டிகிரி, மே மாதத்தில் 85. அறை 14 ஏறியது, பிராசஸர் 15 ஏறியது. அந்த ஒரு டிகிரி வட்டி: சூடாக ஆகச் சிலிக்கானில் மின்கசிவு கூடுகிறது, கசிவு மேலும் சூட்டைக் கொடுக்கிறது. இந்தப் பிராசஸருக்கு ஏஎம்டி விதித்த உச்ச வரம்பு 95. பத்து டிகிரி கையிருப்பு எனக்குப் போதும்.

72 நிமிடக் கல்யாண வீடியோ ஒன்றை மே மாதப் பிற்பகலில் மூன்று விதமாக ஏற்றுமதி செய்து பார்த்தேன். பெட்டியோடு வந்த சின்னக் கூலரில் 61 நிமிடம். பிராசஸர் 95-ஐத் தொட்டுத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டது. ஏகே400 மாட்டி, வேறு எதையும் தொடாமல் ஓட்டியபோது 55. பிறகு பிராசஸரின் எல்லாக் கோர்களையும் 4.2 கிகாஹெர்ட்ஸில் நிறுத்தியபோது 52 சொச்சம். கூலர் தனியாகக் கொடுத்தது ஆறு நிமிடம். அதன் மேல் ஓவர்கிளாக், அதாவது வேகத்தைக் கையால் உயர்த்தியது, கொடுத்தது ஏறக்குறைய மூன்று. என் தம்பி மகனுக்கு இந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

4.3 ஏன் இல்லை என்று கேட்டான். சூடு, வேகத்துக்கு நேர் விகிதத்தில் ஏறும். மின்னழுத்தத்துக்கோ அதன் இருமடியில் ஏறும். என் சிப்புக்கு 4.2-இல் 1.25 வோல்ட் போதும். 4.3-க்கு 1.35 கேட்கிறது. 2.4 சதவீத வேகத்துக்குச் சுமார் 19 சதவீதம் கூடுதல் சூடு. லாங்கு பஜாரில் எந்த மளிகைக்காரரும் ஒப்புக்கொள்ளாத வியாபாரம். இன்னொன்று: மின்னழுத்தத்தை "ஆட்டோ" என்று விடாதீர்கள். என் மதர்போர்டு தன் தாராள மனதால் 1.4-க்கு மேல் ஊற்றிக்கொண்டிருந்தது. எண்ணைக் கையால் போட்டு, முழுச் சுமையில் எவ்வளவு இறங்குகிறது என்று ஹெச்டபிள்யூஇன்ஃபோ என்ற அளவு காட்டும் நிரலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

நிலைத்தன்மைக்கு நான் நம்புவது பிரைம்95. ஜார்ஜ் வோல்ட்மன் 1996-இல் தொடங்கிய மெர்சென் பகா எண் (இரண்டின் அடுக்கில் ஒன்று குறைந்த பகா எண்) வேட்டைக்கான நிரல் அது. விடை முன்பே தெரிந்த கணக்குகளைக் கொடுத்துச் சரிபார்க்கும் என்பதால் பொய் சொல்ல வழியில்லை. கணக்கு பிசகினால், ரவுண்டிங் 0.5, எதிர்பார்த்தது 0.4-க்குக் குறைவு என்று எழுதி அந்தக் கணக்கை ஓட்டும் இழையை நிறுத்திவிடும். தம்பி மகன் வைத்துவிட்டுப் போன 4.3 டிசம்பர் இரவில் ஆறு மணி நேரம் தேறியது. அதே அமைப்பு மே மாதம் பிற்பகல் இரண்டரை மணி வெயிலில் பதினொரு நிமிடத்தில் விழுந்தது. சூட்டில் டிரான்சிஸ்டர்கள் மெதுவாகின்றன. நேற்று போதிய மின்னழுத்தம் இன்று போதவில்லை. சென்னைக்காரர்களும் பெங்களூர்க்காரர்களும் இரவில் தூங்கும்போது சோதனை ஓட்டட்டும். நம் ஊரில் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓட்டுங்கள். 4.2-ஐ அப்படி மூன்று பிற்பகல் ஓட்டினேன், ஒரு பிழையும் இல்லை. அதற்குப் பிறகும் 1.25-ஐ 1.2625 ஆக்கினேன். பயந்தவன்தான், ஒப்புக்கொள்கிறேன்.

சத்தம்: விசிறியின் உச்ச வேகம் நிமிடத்துக்கு 1850 சுற்று. அதில் கேட்கத்தான் செய்கிறது; தலைக்கு மேல் சுழலும் மின்விசிறி அதை விழுங்கிவிடுகிறது. மாலையில் நாதஸ்வரத்துக்கு ஒலி சரிசெய்யும்போது 1200-இல் நிறுத்திவிடுவேன், இருப்பதே தெரியாது.

தூசிதான் எதிரி. பாதாளச் சாக்கடைக்குத் தோண்டிய தெருவின் செம்மண் முழுவதும் என் கூலரின் தகடுகளுக்கு நடுவில் இருக்கிறது. ஆறு வாரம் துடைக்காமல் விட்டபோது நான்கு டிகிரி ஏறியிருந்தது. விசிறி கம்பிக் கொக்கியில் நிற்பதால் ஒரு நிமிடத்தில் கழன்றுவருகிறது. ஓவியத் தூரிகை போதும்.

ஓவர்கிளாக் யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஏ320 மதர்போர்டு வைத்திருந்தால் ஓவர்கிளாக் செய்யவே முடியாது. பி450 முதலானவை வேண்டும். வாரன்டி இன்னும் ஓடுகிறதென்றால், ஓவர்கிளாக்கால் வரும் சேதத்தை அது ஏற்காது என்பதை நினைவில் வையுங்கள். இந்த இரண்டு நிலையிலும் கூலரை மட்டும் வாங்கி மாட்டினால், என் ஆறு நிமிடம் உங்களுக்கும் கிடைக்கும்.

ஆற்காட்டுக்காரருக்கு முழு வீடியோவையும் மறுபடி ஏற்றுமதி செய்து, ஒவ்வொரு சட்டகமாகப் பார்த்துக் கொடுத்தேன். பணம் வாங்கவில்லை, அவர் ஒரு டப்பா மக்கன் பேடா கொடுத்துவிட்டுப் போனார். இந்தக் கோடைக்குத் தம்பி மகன் மறுபடி வருகிறானாம். இந்த வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்றும் பயாஸுக்குக் கடவுச்சொல் போட்டுவிட்டேன்.