டிவியின் ஒலியைக் காது கேட்கும் கருவிக்கு அனுப்பும் பெட்டி: ஒன்பது மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்பீடு

எனக்கு இரண்டு காதுகளிலும் கேட்கும் திறன் குறைந்து பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. காதின் பின்புறம் மாட்டும் கருவிகளை நாள் முழுவதும் அணிந்திருக்கிறேன். எதிரே அமர்ந்து பேசுபவரின் பேச்சு அவற்றால் நன்றாகவே விளங்குகிறது. டிவி மட்டும் பிடிபடாமலே இருந்தது. ஒலியை முப்பத்தைந்து, நாற்பது என்று ஏற்றிக்கொண்டே போனாலும், செய்தி வாசிப்பவரின் குரல் கேட்குமே தவிரச் சொல் புரியாது. 'சட்டம்' என்றாரா 'பட்டம்' என்றாரா, 'கடை' என்றாரா 'தடை' என்றாரா என்பதைத் திரையின் கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். வீட்டில் மற்றவர்களுக்கோ அந்த ஒலி பெரும் தொல்லை. என் மனைவி இரவுத் தொடரை அடுத்த அறைக்குப் போய்க் கைப்பேசியில் பார்க்கத் தொடங்கியபோதுதான், இதற்கு ஒரு வழி கண்டாக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அந்த வழி, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சிறிய பெட்டி. டிவியின் பின்புறத்திலிருந்து ஒலியை வாங்கி, 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோ அலையாகக் காதிலிருக்கும் கருவிகளுக்கு நேரே அனுப்புகிறது. போனாக், ஓட்டிகான், ரீசவுண்ட், சிக்னியா, விடெக்ஸ், ஸ்டார்கி என்று பெரிய நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தத்தம் கருவிகளுக்கென இப்படி ஒரு பெட்டியை விற்கின்றன. பொதுவாக ஒரு நிறுவனத்தின் பெட்டி இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு பேசாது. ஒரே நிறுவனத்தின் பழைய கருவிக்குக்கூடப் புதிய பெட்டி பொருந்தாமல் போகலாம். நீங்கள் எதை வாங்குவீர்கள் என்பதை உங்கள் காதில் ஏற்கெனவே இருக்கும் கருவி தீர்மானித்துவிடுவதால், என் பெட்டியின் பெயரை நான் இங்கே சொல்வதால் பயனில்லை. நான் கொடுத்த விலை 19,500 ரூபாய். இது சிறிய தொகை அல்ல என்பதை அறிந்தே இனி வருவனவற்றை எழுதுகிறேன்.

முதலில் பயனைச் சொல்லிவிடுகிறேன். பெட்டி சரியாக இயங்கத் தொடங்கிய அன்று இரவு, ஏழு மணிச் செய்தியை முழுவதுமாகத் திரையைப் பார்க்காமல், சோற்றில் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டேன். ஒலி பெரிதாக இருந்ததால் அல்ல. உண்மையில் முன்பு கேட்டதைவிட மெல்லிதாகவே இருந்தது. வயதினால் வரும் செவித்திறன் குறைவில் பெரும்பாலும் முதலில் போவது உயர் அதிர்வெண் ஒலிகள். ச, த, க போன்ற மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகள் அங்கேதான் இருக்கின்றன. டிவியின் ஒலியைக் கூட்டினால், ஏற்கெனவே நன்றாகக் கேட்கும் உயிரொலிகள் இன்னும் முழங்கும்; தேவைப்படும் மெய்யொலிகள் அறைக்குள்ளேயே கரைந்துவிடும். எங்கள் கூடத்தில் மொசைக் தரை, வெறும் சுவர், மேலே காற்றாடி. டிவி இருப்பது பத்தடி தள்ளி. தொலைவு இரட்டிப்பாகும்போது நேராக வரும் ஒலி ஏறத்தாழ 6 டெசிபல் குறைகிறது. சுவரிலும் தரையிலும் பட்டுத் திரும்பும் ஒலி அப்படிக் குறைவதில்லை. ஆகவே கருவியின் ஒலிவாங்கிக்கு வந்து சேர்வது பேச்சும் எதிரொலியும் காற்றாடி இரைச்சலும் கலந்த ஒரு கூழ். கருவி எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்தக் கூழைத்தான் பெருக்கித் தர முடியும். இந்தப் பெட்டி அறையையே நடுவிலிருந்து எடுத்துவிடுகிறது. செய்தி வாசிப்பவர் என் காதருகே அமர்ந்து பேசுவது போல இருக்கிறது என்றால் அது மிகையில்லை.

ஆனால் அந்த முதல் இரவுக்கு வந்து சேர நான்கு நாட்கள் ஆயின. கடையிலிருந்து வந்த இளைஞர் பெட்டியைக் கருவிகளோடு இணைத்துவிட்டு, ஒலி வராததால் 'பீஸ் டிஃபெக்ட் சார், மாத்தித் தர்றோம்' என்று சொல்லிப் போய்விட்டார். பெட்டியில் எந்தப் பழுதும் இல்லை. முதல் தவறு, டிவியின் ஒலியை ஒளியாகப் பெட்டிக்குக் கொண்டுவரும் ஆப்டிகல் கேபிளின் முனையில் இருக்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் மூடியை யாரும் கழற்றவில்லை. கடுகளவுள்ள அந்த மூடி கேபிளின் ஒரு பகுதி போலவே தோன்றும். அதைக் கழற்றி, ஒரு முனையை டிவியில் செருகி, மறுமுனையை உள்ளங்கைக்கு நேரே பிடித்தால் சிவப்பு ஒளிப் புள்ளி தெரிய வேண்டும். தெரிந்தால் டிவி ஒலியை அனுப்புகிறது என்று பொருள். இரண்டாவது, டிவியின் அமைப்பில் டிஜிட்டல் ஒலி வெளியீடு 'ஆட்டோ' என்றிருந்தது. அந்த நிலையில் சில சேனல்களின் ஒலி டால்பி என்ற சுருக்கிய வடிவில் வெளியேறும். இத்தகைய பெட்டிகள் பலவற்றுக்கு அந்த வடிவத்தைப் பிரித்துப் படிக்கத் தெரியாது, மௌனமாக இருந்துவிடும். அதை 'பிசிஎம்' (சுருக்காத எளிய ஒலி வடிவம்) என்று மாற்றிய நொடியில் ஒலி வந்தது. வெளியூரில் இருக்கும் என் மகள் வீடியோ அழைப்பில் வழிகாட்டிச் செய்த வேலை இது. இரண்டையும் விற்பவர் அறிந்திருக்க வேண்டும்; வாங்குபவர் பெரும்பாலும் அறுபதைக் கடந்தவர், தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொள்வதே அவருக்குச் சிரமம் என்பதை நினைத்தால், இந்த அலட்சியத்தை என்னால் சிறிதாக எடுத்துக்கொள்ள இயலவில்லை.

டிவியில் ஆப்டிகல் வெளியீடு இருக்கிறதா என்று வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள். இல்லையென்றால் ஹெட்போன் துளையிலிருந்தும் ஒலி எடுக்கலாம். ஆனால் அதில் செருகியதும் பல டிவிகளில் ஸ்பீக்கர் அடங்கிவிடும், எனக்குக் கேட்கும்போது வீட்டாருக்குக் கேட்காது. ஆப்டிகல் வழியில் பெரும்பாலான டிவிகளில் இரண்டும் தனித்தனியாக இயங்கும். எங்கள் வீட்டில் இப்போது டிவியின் ஒலி பன்னிரண்டில் நிற்கிறது. என் காதுக்கு வரும் அளவை நான் கருவியிலேயே கூட்டிக் குறைத்துக்கொள்கிறேன். மனைவி ரிமோட்டில் ஒலியை முழுதாக அணைத்தாலும் எனக்குக் கேட்கிறது. அவர் மீண்டும் கூடத்தில் உட்கார்ந்து தொடர் பார்க்கிறார்.

ஒலி பிந்துவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலை குறைந்த மாற்று வழிகள் இங்கேதான் தோற்கின்றன. சாதாரண புளூடூத் டிரான்ஸ்மிட்டர் ஒன்றை இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடலாம்; புளூடூத் ஏற்கும் சில கருவிகளோடு அது இணையவும் செய்யும். ஆனால் அந்த வழியில் ஒலி 150, 200 மில்லி நொடி வரை பிந்தலாம். ஒலி 125 மில்லி நொடிக்கு மேல் பிந்தினாலோ 45 மில்லி நொடிக்கு மேல் முந்தினாலோ பார்ப்பவர் உணர்ந்துவிடுவார் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை வரையறுக்கிறது. எங்களைப் போன்றவர்கள் உதட்டசைவையும் சேர்த்துத்தான் பேச்சைப் புரிந்துகொள்கிறோம்; உதடு மூடிய பிறகு சொல் வந்தால் பாதிப் பொருள் போய்விடும். நிறுவனங்களின் சொந்தப் பெட்டிகளில் இந்தத் தாமதம் மிகவும் குறைவு, எனக்கு உதடும் ஒலியும் பிரிந்து தெரிந்ததே இல்லை.

ஆயினும் சிறிய தாமதமும் ஒரு சூழலில் தொந்தரவு தருகிறது. என் கருவியின் முனையில் காற்றோட்டம் உள்ள திறந்த வகை சிலிகோன் மூடி இருக்கிறது. டிவி ஸ்பீக்கரின் ஒலி அதன் இடுக்கு வழியாகவும் உள்ளே வரும். பெட்டி அனுப்பும் ஒலி சற்றுப் பின்னால் வரும். இரண்டும் சேர்ந்து பேசுபவர் ஒரு குடத்துக்குள் இருந்து பேசுவது போலாகிவிடும். ஸ்பீக்கரின் ஒலியைப் பதினைந்துக்குக் கீழே வைத்தபோது அது மறைந்தது. காதை முழுதாக அடைக்கும் அச்சு அணிபவர்களுக்கு இந்தச் சிக்கல் குறைவாகவே இருக்கும்.

பெட்டி இயங்கும்போது கருவியின் சொந்த ஒலிவாங்கிகள் அடங்கிப் போகின்றன. முதல் வாரத்தில், 'என்னங்க, வாசல்ல பெல் அடிக்குதே, கேக்கலையா?' என்று மனைவி எதிரே வந்து நின்று கேட்டபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். இதை ஆடியாலஜிஸ்ட்டிடம் (செவித்திறன் வல்லுநர்) சொன்னதும் கருவியைக் கணினியில் இணைத்து, ஒலிவாங்கியின் பங்கைச் சற்று உயர்த்திக் கொடுத்தார். இப்போது டிவி கேட்கும்போதே பக்கத்தில் இருப்பவர் பேச்சும் விளங்குகிறது, காற்றாடி இரைச்சலும் கொஞ்சம் திரும்பி வந்திருக்கிறது. வீட்டில் தனியாக இருப்பவர்கள் இந்தச் சரிசெய்தலைத் தவறாமல் கேட்டு வாங்க வேண்டும்.

பேட்டரிச் செலவு கூடுகிறது. பழுப்பு ஒட்டுள்ள 312 எண் பேட்டரி எனக்கு ஏழு நாள் வந்தது. நாளுக்கு மூன்று மணி நேரம் டிவி கேட்டால் ஐந்து நாள்தான்.

பெட்டியால் ஆகாத ஒன்றும் உண்டு. தொடர்களில் வசனத்தின் மீதே பின்னணி இசையை அள்ளிக் கொட்டுகிறார்கள். அந்த இசையைப் பேச்சிலிருந்து பிரித்துத் தர இதற்கு வழியில்லை. செய்தி, பட்டிமன்றம், கிரிக்கெட் வர்ணனை ஆகியவற்றில் எனக்கு ஏறத்தாழ ஒரு சொல்லும் தப்புவதில்லை. தொடர்களில் முன்பைவிடத் தெளிவு கூடியிருக்கிறது, அவ்வளவே. நான்கு பேர் ஒரே நேரத்தில் கத்தும் விவாத நிகழ்ச்சிகளில் எந்த முன்னேற்றமும் இல்லை.

புதிதாகக் கருவியே வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. 2022ஆம் ஆண்டு 'ஆராகாஸ்ட்' என்ற பெயரில் ஒரு பொது ஒலிபரப்பு முறை அறிவிக்கப்பட்டது. இதை ஏற்கும் கருவி எந்த நிறுவனத்தினுடையதாக இருந்தாலும், இதே முறையில் அனுப்பும் எந்தப் பெட்டியிலிருந்தும் டிவியிலிருந்தும் ஒலியை வாங்கிக்கொள்ள முடியும். ஒரே வீட்டில் இருவர் வெவ்வேறு நிறுவனங்களின் கருவிகளை அணிந்திருந்தாலும் ஒரே பெட்டி போதும். என் கருவியில் அந்த வசதி இல்லை. இப்போது வாங்குவதாக இருந்தால், கடைக்காரர் கருவியின் சேனல் எண்ணிக்கையையும் (ஒலியை எத்தனை பகுதிகளாகப் பிரித்துக் கையாளும் என்பது) தள்ளுபடியையும் பற்றிப் பேசத் தொடங்கும் முன்பே, ஆராகாஸ்ட் இன்றே இயங்குமா, பின்னர் மென்பொருளில் வருமா என்று கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்வேன்.