இந்திராநகர் ஸ்டுடியோ: ஸ்னேரும் சிம்பலும் உங்களுடையதாக இருக்கட்டும்

பெங்களூரு இந்திராநகரில் இருக்கும் இந்த ரெக்கார்டிங் ஸ்டுடியோ அல்சூரிலிருந்து பக்கம்தான், ஆனாலும் முழு டிரம் செட்டையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போகத் தேவையே இல்லை. இங்கே இருக்கும் 22 அங்குல கிக்கும் (பெடலை மிதித்து அடிக்கும் பெரிய டிரம்), டாம்களும் (குச்சியால் அடிக்கும் நடுத்தர டிரம்கள்) அந்த அறைக்கென்றே டியூன் செய்யப்பட்டவை, மைக்குகளும் ஏற்கெனவே சரியான இடத்தில் நிற்கின்றன, அதனால் காசு கொடுத்து எடுத்த நேரம் சவுண்ட் செக்கிலேயே கரைவதில்லை. கிக் சத்தம் அருமை, நெஞ்சில் வந்து இடிக்கிறது! ஸ்னேர்தான் (சுள்ளென்று ஒலிக்கும் சின்ன டிரம்) சுமார், அதன் தோல் தேய்ந்துபோய், அடி மந்தமாகக் கேட்கிறது. சிம்பல்கள் என்ற உலோகத் தட்டுகளும் சுமார்தான், கரகரவென்று கேட்கின்றன. டிரம் செட்டுக்கு மேலே நிற்கும் ஓவர்ஹெட் மைக்கில் அதிகம் விழுவது அவைதானே, அந்தக் கரகரப்பைப் பிறகு மிக்ஸிங்கில் சரிசெய்வது ரொம்பக் கஷ்டம். சொந்த 14 அங்குல ஸ்னேர், சிம்பல்கள், கால் பழகிய பெடல், இவற்றைக் கண்டிப்பாகக் கொண்டுபோங்கள். அப்புறம், டிரம்களின் தோலை எப்போது மாற்றினார்கள் என்று புக் செய்யும்போதே கேட்டுவிடுங்கள். ஏசி நன்றாக இருக்கிறது, பார்க்கிங்தான் திண்டாட்டம்.