பழைய லேப்டாப்புக்கு லுபுண்டுவா, ஆன்டிஎக்ஸா?

இரண்டுமே விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, எடை குறைந்த லினக்ஸ் இயங்குதளங்கள். எதைப் போடுவது என்று முடிவு செய்ய, முதலில் ப்ராசசரைப் பாருங்கள். 32 பிட் என்றால் பேச்சே இல்லை, லுபுண்டுவின் புதிய பதிப்புகள் 64 பிட்டுக்கு மட்டும்தான். ஆன்டிஎக்ஸ் 23-க்கு 32 பிட் வடிவமும் உண்டு.

64 பிட், 4 ஜிபி ரேம் இருந்தால் நான் தயங்காமல் லுபுண்டு என்பேன். அதன் எல்எக்ஸ்க்யூடி என்ற டெஸ்க்டாப்பில் கீழே டாஸ்க்பார், இடது மூலையில் மெனு என எல்லாம் பழகிய இடத்தில் இருக்கும். வீட்டில் யார் உட்கார்ந்தாலும் சமாளித்துவிடுவார்கள்.

ரேம் 1 ஜிபி, 2 ஜிபி என்றால் கதை வேறு. டெபியன் என்ற லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட ஆன்டிஎக்ஸ், சிஸ்டம்டி (பல லினக்ஸ்களில் பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் மென்பொருள்) இல்லாமல், முழு டெஸ்க்டாப்புக்குப் பதிலாக ஐஸ்டபிள்யூஎம் என்ற எளிய விண்டோ மேனேஜருடன் (விண்டோக்களைத் திரையில் அடுக்கிக் காட்டும் மென்பொருள்) ஓடுகிறது. முகப்பில் பழைய காலத்து வாடை அடிக்கும். எந்த அமைப்பு எங்கே என்று கன்ட்ரோல் சென்டருக்குள் கொஞ்சம் துழாவ வேண்டியிருக்கும். கிடைக்கிற வேகத்துக்கு அந்தச் சிரமம் தாராளமாகத் தகும்.

இரண்டிலும் ரேமை விழுங்குவது பிரவுசர்தான். அதில் நிறைய டேப் திறந்தால் எதுவும் திணறும்.

அப்புறம், இரண்டையுமே பென்டிரைவிலிருந்து லைவாக, அதாவது இன்ஸ்டால் செய்யாமலே, ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்ட், மூடித் திறந்தால் ஸ்லீப்பிலிருந்து எழுவது, இந்த மூன்றும் சரியாக நடக்கிறதா என்று பார்த்த பிறகே இன்ஸ்டால் செய்யுங்கள்.